மே மாதத்துப் பிள்ளைகள்

சின்ன காஞ்சிபுரம்
12.6.2024

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு அக்கா சூடாமணியின் ஆசிகள்.

நான் நலம்; முழங்கால்கள் இரண்டும் நலமில்லை. உன் காதுக்கு வாங்கிய கருவி மேஜை இழுப்பறையில் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். கைபேசியில் நான் கத்த, நீ விழிக்க, நம் குடும்பச் செய்தியைப் பக்கத்து வீட்டார் மட்டும் தெரிந்துகொள்வதைவிடத் தபால் எவ்வளவோ மேல்.

உன் பிள்ளை அச்சுத் திங்கட்கிழமை இங்கே தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றான். நான் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. நிர்வாகக் குழுவில் இருக்கிறேன் என்றாலும், உறவினன் என்பதால் நியமனக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி இருக்க, அவன் இரண்டு தெரு தள்ளி ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறான். கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு சிரமம் அத்தை" என்றான். சிரமம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வந்த முதல் நாளே ஒரு காரியம் செய்தான். எங்கள் பத்தாம் வகுப்பு இருபத்தாறு ஆண்டுகளாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசல் சுவரில் பெயின்டர் ஆண்டுதோறும் அந்த எண்ணை மாற்றி எழுதுகிறார். அது எப்படி வருகிறது என்பது ஊருக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிறவர்களின் பெற்றோரை மே மாதம் அழைத்து, வேறு பள்ளி பார்க்கச் சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவோம். ஆசிரியர் அறையில் அவர்களுக்கு 'மே மாதத்துப் பிள்ளைகள்' என்று பெயர். இந்த ஆண்டு ஒன்பது சான்றிதழ்கள் தட்டச்சாகி, வாங்க ஆள் வராமல் மேஜையில் கிடந்தன. அச்சுத் ஒன்பதையும் கிழித்துவிட்டு, ஒன்பது பேரையும் பத்தாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டான்.

செயலாளர் கைலாசம் பட்டுக்கடைக்காரர், நிதானமாகப் பேசுவார். தகுதிகாண் காலம் ஓராண்டு, நூறு போனால் இவனும் போக வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னார். உன்னிடமும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சூடாமணி

*

மைசூரு
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸௌந்தரராஜனின் நமஸ்காரங்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. காது அப்படியேதான் இருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் சைகையில் பேசப் பழகிவிட்டார்கள். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், பூசிக்கொள். படித்தவள் என்பதற்காகத் தைலத்தை இளப்பமாக நினைக்காதே.

அச்சுத் அந்தப் பள்ளிக்கு விண்ணப்பித்ததையே என்னிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகுதான் சொன்னான். நாற்பது வயதுக்காரனை எதற்கென்று கேட்பது? கேட்டால் என்ன பதில் வரும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவன் வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று மட்டும் எழுது.

அந்த ஒன்பது பேர் தேறுவார்களா?

உன் தம்பி
ஸௌந்தரராஜன்

*

சின்ன காஞ்சிபுரம்
20.7.2024

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு ஆசிகள்.

தைலம் வந்தது. வாசனைக்கே வலி பயந்து ஓடும். அச்சுத் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சாப்பிடுகிறான். மற்ற நாட்களில் ஏதோ மெஸ்.

குழு கேட்டுக்கொண்டதால் புதன்கிழமைதோறும் பள்ளிக்குப் போய் வகுப்புகளின் பின் பெஞ்சில் உட்காருகிறேன். ஒரு பள்ளியின் குணம் அதன் விதிப் புத்தகத்தில் இருப்பதில்லை. ஆசிரியர் அறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதையில் இருக்கிறது. எங்கள் கதை எது என்று சென்ற வாரம்தான் தெரிந்துகொண்டேன். கணக்கு ஆசிரியை பெரியநாயகி புதிய தலைமை ஆசிரியருக்குப் பள்ளியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

"சார், இங்க சிபாரிசே எடுபடாது சார். தொண்ணூத்தெட்டுல மொத லிஸ்ட் போட்டப்ப அந்த மேடம் தன் வீட்டுப் புள்ளையையே வெளிய அனுப்பிச்சாங்க. அவங்க வளத்த புள்ளை. அன்னிலேர்ந்து எந்தப் பேரன்ட்டும் இங்க வாயத் தொறக்கறதில்ல."

தம்பி பிள்ளை என்பது இருபத்தாறு ஆண்டுகளில் வளர்த்த பிள்ளை ஆகிவிட்டது. இன்னும் பத்தாண்டு போனால், கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை யார் என்பது பெரியநாயகிக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தெரியும். "அப்படியா மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தான்.

ஒன்பது பேரில் ஒருத்தி தாமலிலிருந்து பஸ்ஸில் வரும் சந்தியா. அவள் அம்மா துர்கா பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை பார்க்கிறாள். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றாள். "என்னைத் தெரியுதாமா? ரெண்டாயிரத்து மூணுல நீங்கதான் என் டிசியில கையெழுத்து போட்டீங்க. நடத்தை மிக நன்றுன்னு எழுதியிருந்தீங்க. இன்னும் வெச்சுக்கினு இருக்கறேன்" என்றாள். பிறகு சிரித்தாள். "நடத்தை அவ்ளோ நல்லா இருந்தும் வெளியதான் அனுப்பினீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

சூடாமணி

*

மைசூரு
5.8.2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரங்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி?

நீ எழுதியதைப் பல முறை படித்தேன். ஆக, அதை அங்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மே மாதம் நீ வீட்டுக்கு வந்து, "கணக்கில் இவன் தேறவில்லை, வேறு இடம் பார்" என்றாய். நீ போன பிறகு, "நல்லா எழுதியிருக்கேன்ப்பா" என்று அவன் சொன்னான். நான் உன்னை நம்பினேன். அவன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவனை அடித்ததில்லை. அடுத்த மாதமே வங்கியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். இருபத்தாறு ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் உடம்பை மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டுத் தேர்வு விடைத்தாளை அந்தக் காலத்தில் திருப்பித் தருவதில்லை. மதிப்பெண்ணை நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவன் எவ்வளவு வாங்கியிருந்தான்?

ஸௌந்தரராஜன்

*

சின்ன காஞ்சிபுரம்
30.9.2024

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு ஆசிகள்.

பதில் தாமதம். இடது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது எல்லாம் தேவைக்கு மேல் தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் இவ்வளவு ஒட்டடை இருந்தது எனக்குத் தெரியாது.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. ஒன்பது பேரில் கணக்கில் தேறியவர்கள் இருவர். கைலாசம் விரல் விட்டு எண்ணுகிறார். ஆசிரியர்கள் அச்சுத்தின் முதுகுக்குப் பின்னால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் பின் பெஞ்சிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெரியநாயகி ஒரு கணக்கைப் போட்டுவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார். வகுப்பு "புரிஞ்சுது மிஸ்" என்று பாடுகிறது. சந்தியாவும் சேர்ந்து பாடுகிறாள். அவள் நோட்டில் வெறும் கட்டம் மட்டுமே இருந்தது. புரியாதவர்கள் எல்லோரும் மே மாதத்தோடு போய்விடும் பள்ளியில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் எப்படி வரும்? ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. புரியாத குழந்தையை அவர்கள் முழுதாக ஓராண்டு எதிரில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அச்சுத் மாலை ஐந்து மணி வரை அந்த ஒன்பது பேருடன் உட்காருகிறான். இளைத்துவிட்டான்.

நீ கேட்டதற்குப் பழைய பதிவேடுகளைத் தேட வேண்டும்.

சூடாமணி

*

மைசூரு
16.10.2024

அக்காவுக்கு நமஸ்காரங்கள். கண் தேவலையா? குனிந்து வேலை செய்யாதே.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு அச்சுத் வந்துவிட்டுப் போனான். புதன்கிழமைகளில் நீ அவன் பள்ளிக்குப் போவது தன்னைப் பற்றி அறிக்கை எழுதுவதற்காகத்தான் என்று சொன்னான். மனத்தாங்கல் இல்லாமல்தான் சொன்னான், எனக்குத்தான் தாங்கவில்லை. நீ எனக்கு எழுதிய மூன்று கடிதங்களில் ஒட்டடை இருக்கிறது, மெஸ் இருக்கிறது, தைலத்தின் வாசனை இருக்கிறது. அறிக்கையைக் காணோம்.

பதிவேட்டைத் தேட வேண்டும் என்கிறாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் பி.யூ.சி.யில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மதிப்பெண்கூட உனக்கு இன்றும் மனப்பாடம்.

எவ்வளவு?

ஸௌந்தரராஜன்

*

சின்ன காஞ்சிபுரம்
28.12.2024

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு ஆசிகள்.

மார்கழிக் குளிரில் முழங்கால் என்னைவிட முன்னால் விழித்துக்கொள்கிறது. நீ கம்பளிக் குல்லாய் போட்டுக்கொள்.

அறிக்கை உண்மைதான். கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது தவறு. எழுதி முடித்துக் கைலாசத்திடம் கொடுத்துவிட்டேன். என்ன எழுதினேன் என்பதைக் கூட்டத்தில் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

இம்மாதம் பெய்த மழையில் தாமல் ஏரி நிரம்பி வழிந்து, இரண்டு நாள் பஸ் வரவில்லை. அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று சந்தியா ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, முக்கால் மணி நேரம் தாமதமாக, பாவாடை நனைந்து நின்றாள். வாசல் கதவை ஒன்பது பத்துக்கு மூட வேண்டும் என்பது நான் போட்ட விதி. காவல்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கதவு திறந்தது. அவள் வாங்கியது இருபத்தேழு. ஒன்பது பேரில் ஐந்து பேர் தேறிவிட்டார்கள்.

உன் கேள்விக்குப் பதில் எழுதலாம் என்றால் இந்த இன்லண்டில் இனி இடமில்லை.

சூடாமணி

*

மைசூரு
6.1.2025

அக்காவுக்கு.

அடுத்த முறை உறையில் எழுது. தாள் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஸௌந்தரராஜன்

*

சின்ன காஞ்சிபுரம்
20.2.2025

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு.

உறை வாங்கிவிட்டேன். ஒரு தாளே போதும்.

நாற்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். அவனைவிடக் குறைவாக வாங்கித் தேறியவர்கள் ஆறு பேர்.

நடந்ததைச் சொல்கிறேன், சமாதானம் சொல்லவில்லை. என் முதல் பட்டியலில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. இரண்டும் நெசவாளர் வீட்டுப் பெண்கள். அவர்களின் தகப்பன்மார் இருவரும் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். கோபப்படவில்லை. ஒருவர் மட்டும், "உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படி அனுப்புவீங்களாமா?" என்று கேட்டார். மறுநாள் மூன்றாவது பெயரைச் சேர்த்தேன். அதைக் காட்டியதும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சான்றிதழை வாங்கிப் போனார்கள். அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவனுக்கு நீ இருக்கிறாய், எங்கே போட்டாலும் முளைப்பான் என்று அப்போது நினைத்தேன். அது உண்மையாகவும் ஆகிவிட்டது. உண்மையாகிவிட்டதால்தான் இத்தனை ஆண்டுகள் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. நீ அவனை அடித்தது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

சூடாமணி

*

சின்ன காஞ்சிபுரம்
22.5.2025

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு ஆசிகள்.

மூன்று மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் என் வீட்டைப் பார்க்காமலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நீ நலமாக இருப்பதாக அச்சுத் சொல்கிறான். அதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. அவனிடம் நீ சொல்லிவிட்டாயா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவன் ஞாயிறுதோறும் வந்து சாப்பிட, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்துவிட்டது. எண்பத்து நான்கு பேரில் எண்பத்து மூன்று பேர் தேர்ச்சி. ஒன்பது பேரில் எட்டுப் பேர் தேறிவிட்டார்கள். சந்தியா கணக்கில் இருபத்தொன்பது.

நேற்று குழு கூடியது. முதலில் என் அறிக்கையைப் படித்தார்கள். 'இப்பள்ளியின் வெற்றி கற்பித்தலால் வந்ததன்று, கழித்தலால் வந்தது. இவ்வாண்டுதான் ஆசிரியர்கள் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்' என்பது அதன் கடைசி வரி. யாருக்கும் ருசிக்கவில்லை. கைலாசம் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, எங்களுக்கு அச்சுத் சார் மேல கோவம் இல்ல. ஆனா இந்த ஸ்கூலுக்குன்னு ஒரு பேர் இருக்குது. அது உங்களால வந்த பேரு. சொந்த வீட்டுப் புள்ளைன்னுகூடப் பார்க்காம அனுப்பினவங்க நீங்க. அந்த நாக்கால நீங்களே சொல்லுங்க, இவரை வெச்சுக்கறதா வேணாமா?"

அச்சுத் மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொல்லக்கூடியதாக அது இல்லை. நான் அனுப்பிய பிள்ளை இவன்தான் என்றேன். அவன் அந்த ஆண்டு தேறியிருந்தான் என்றேன். ஊர் வாயை அடைப்பதற்காகவே அவன் பெயரைச் சேர்த்தேன், நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பெயர் அதன்மேல்தான் நிற்கிறது என்றேன்.

அச்சுத் என்னைப் பார்த்தான்.

"எவ்ளோ அத்தை?"

"நாற்பத்து மூன்று."

தண்ணீர் டம்ளரை எடுத்தான். குடிக்காமல் கீழே வைத்தான். "நாப்பத்து மூணு" என்று தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு கைலாசத்திடம் திரும்பி, "அடுத்த பொருள் என்ன சார்?" என்று கேட்டான்.

அடுத்த பொருள் குடிநீர்த் தொட்டி. அவன் வேலையைப் பற்றிய முடிவை மறு ஆண்டுக்கு ஒத்திவைத்தார்கள். ஒன்றும் சொல்ல வாய் வராதபோது குழுக்கள் அதைத்தான் செய்யும். தொட்டிப் பேச்சுக்கு முன் என் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். அதை மட்டும் ஒத்திவைக்காமல் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

உன் மகனுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

சூடாமணி

*

மைசூரு
29.5.2025

அக்கா,

பிப்ரவரியிலேயே எனக்குத் தெரிந்தும் அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ. நான் முந்திக்கொண்டால் நீ தப்பித்துவிடுவாய் என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

நேற்று அவன் இங்கே வந்தான். இந்தக் காதுக்குள் கருவியை அவனே மாட்டிவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருந்தேன்ப்பா" என்றான். எனக்குக் கேட்டது.

அந்த மதிப்பெண் பட்டியல் எனக்கு வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம். முத்திரையோடு, தாளில் வேண்டும்.

ஸௌந்தரராஜன்

*

சின்ன காஞ்சிபுரம்
9.6.2025

சிரஞ்சீவி ஸௌந்தரராஜனுக்கு ஆசிகள்.

இந்த முறை நீ என் முழங்காலை விசாரிக்கவில்லை. அது நியாயம்தான்.

பட்டியல் கேட்டு, ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் குமரன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரில் துர்காவும் சந்தியாவும். ஜூலை மாதத் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், நாளையோடு கெடு முடிகிறது. அதை எப்படி அனுப்புவது என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே யாரும் தோற்றதே இல்லையே. குமரன் வேறொரு பள்ளிக்குப் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, களவு கற்பவரைப் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டார். துர்கா என்னைப் பார்த்து, "எம் பொண்ணுக்குன்னு ஒரு புது வேலையே கத்துக்கினாங்கமா இவங்க" என்றாள்.

திரும்பும்போது, நடையில் பெரியநாயகி சந்தியாவைக் கரும்பலகைக்கு எதிரில் உட்காரவைத்திருந்தார். அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. "எந்த வரியில விட்டுட்ட, அதக் காட்டு" என்றார். அந்தப் பெண் வெகுநேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். ஜூலையில் அவள் தேறுவாளா என்பது எனக்குத் தெரியாது.

வாசல் சுவரில் இந்த ஆண்டு எந்த எண்ணை எழுதுவது என்று பெயின்டர் கேட்டாராம். 'எண்பத்து நான்கு பேர் படித்தோம், எண்பத்து நான்கு பேரும் தேர்வு எழுதினோம்' என்று அச்சுத் எழுதச் சொல்லியிருக்கிறான். எழுத்து கோணல்.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்தது. நகலுக்குப் பதவியில் இருக்கும் தலைமை ஆசிரியர்தான் சான்றளிக்க வேண்டும். ஆகவே அச்சுத் தன் மதிப்பெண்ணுக்குத் தானே கையெழுத்திட்டு முத்திரை வைத்தான். கடைசியில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழைய பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அவசரத்தில் நான் அதைக்கூட நிரப்பவில்லை. என்ன போடுவது என்று குமரன் கேட்டார். அச்சுத் பேனாவை என் பக்கம் நகர்த்தினான்.

"அப்போ ஹெச்.எம். நீங்கதானே அத்தை."

'மிக நன்று': நூற்றுக்கணக்கான சான்றிதழ்களில் நான் யோசிக்காமல் எழுதிய இரண்டு சொற்கள். துர்கா பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், அந்தக் கட்டத்தில் அவன் அன்று உன்னிடம் சொன்னதை எழுதினேன்: 'நன்றாக எழுதியிருந்தான்.' படிவத்துக்கு அது பொருந்தாது என்று குமரன் முணுமுணுத்தார். அதன்மேலும் முத்திரை குத்து என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

தாளை மடிக்காமல் அனுப்புகிறேன். கருவியைக் காதிலிருந்து எடுத்துவிடாதே.

உன் அக்கா
சூடாமணி